ஒரு போகத்துக்குள் என்ன திரும்பி வரும்? வடசென்னை ஓரத்து வயல்களும் பறவைகளும்

சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் எண்ணூரைத் தாண்டினால் அத்திப்பட்டு வரைக்கும் புகைபோக்கிகள்தான். மீஞ்சூர் கழிந்து அனுப்பம்பட்டு வரும்போது இரண்டு பக்கமும் நெல் வயல் தெரிய ஆரம்பிக்கும். வடசென்னை என்றாலே துறைமுகம், அனல்மின் நிலையம், எண்ணெய் ஆலை என்று நினைத்திருப்பவர்களுக்கு இது கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கும். பொன்னேரி, மெதூர், திருப்பாலைவனம், காட்டூர் எனப் பழவேற்காடு ஏரி வரைக்கும் சொர்ணவாரி, சம்பா, நவரை என்ற பருவக் கணக்கு இன்னும் பேச்சில் இருக்கிறது. தண்ணீர் உள்ள ஊரில் இரண்டு போகம் எடுக்கிறார்கள். இல்லாத ஊரில் சம்பாவோடு சரி.

இந்த வயல்களுக்கு இன்னொரு கூட்டமும் வந்து போகிறது. சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பூநாரையும் கூழைக்கடாவும் ஏரியிலேயே மேய்ந்துகொள்ளும். ஆனால் கொக்கு, மடையான், நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், நெடுங்கால் உள்ளான் எல்லாம் ஏரிக்கும் வயலுக்கும் மாறி மாறிப் பறப்பவை. ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதியை 1980-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். வயலை அப்படி அறிவிக்க முடியாது, அது ஒருவருடைய பிழைப்பு. ஆகவே பறவைக்கும் பாம்புக்கும் தவளைக்கும் இடம்விட்டு விவசாயம் செய்வது எப்படி என்று யோசனை சொல்லப் பலரும் கிளம்பி வருகிறார்கள். வேளாண் துறையினர், தொண்டு நிறுவனத்தார், கல்லூரி மாணவர்கள் என்று எல்லாரும் உண்டு. அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி நல்ல யோசனைதான். அது வயலில் இறங்காமல் போவதற்குக் காரணம் வேறு.

இங்கே உழுகிறவர்களில் பலருக்கு நிலம் சொந்தமில்லை. வாய்ப்பேச்சுக் குத்தகை. வருடத்துக்கு இத்தனை மூட்டை அல்லது இவ்வளவு ரூபாய், அடுத்த வருடம் உண்டா இல்லையா என்பது உரிமையாளர் மனசைப் பொறுத்தது. அவர் மனசோ மனை விலையைப் பொறுத்தது. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தபோது பொன்னேரிப் பக்கமும் அதற்குள் வந்துவிட்டது. இந்த நிலையில் இருப்பவரிடம் போய் 'வரப்போரம் வேலிமரம் வையுங்கள், ஐந்து வருடத்தில் பறவை அடையும்' என்றால் மரியாதைக்குத் தலையாட்டுவார், அவ்வளவுதான்.

எனவே எந்த யோசனையையும் ஒரே கேள்வியை வைத்துப் பிரிப்பது நல்லது. இது எத்தனை நாளில் திரும்பி வரும்? ஒரு போகத்துக்குள் பலன் தெரியும் என்றால் குத்தகைக்காரரிடம் சொல்லலாம். மூன்று நான்கு வருடம் பிடிக்கும் என்றால் அதைச் சொல்ல வேண்டிய இடம் நில உரிமையாளர் வீடு. பத்து வருட வேலை என்றால் நீர்வளத் துறையும் ஊராட்சியும். இப்படிப் பிரித்துப் பார்த்தால் ஒரு போகத்துக்குள் திரும்பி வரக்கூடிய விஷயங்களே நிறைய இருப்பது தெரியும்.

முதலில் உப்பு. இந்தப் பகுதியில் உப்பைப் பேசாமல் விவசாயத்தைப் பேச முடியாது. கடலோர நிலத்தடியில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்நீர் கொஞ்சம் கனமானது, நல்ல நீரைவிட நாற்பதில் ஒரு பங்கு எடை கூடுதல். இந்தச் சின்ன வித்தியாசத்தால் ஒரு பெரிய கணக்கு வருகிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஒரு அடி நின்றால், அது கீழே சுமார் 40 அடி ஆழம் வரை உப்பை அழுத்தி வைத்திருக்கும். மேலே ஒரு அடி இறங்கினால் கீழே உப்பு 40 அடி ஏறிவரும். மண் அடுக்குக்கு ஏற்றபடி இது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்றாலும் விஷயம் இதுதான். 'போர் ஆழமாகத்தானே போட்டிருக்கிறோம்' என்பது கடலோரத்தில் பாதுகாப்பு இல்லை, ஆபத்து.

மீஞ்சூரில் நடந்தது இதுவே. 1960-களின் இறுதியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்ட உதவியோடு நடந்த ஆய்வில் ஆரணியாறு, கொசஸ்தலை ஆறுகளுக்கு நடுவே மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் நல்ல நிலத்தடி நீர் இருப்பது தெரிந்தது. வரிசையாகக் கிணறு தோண்டி நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் இறைத்தார்கள். அப்போது கரையிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டருக்குள் இருந்த உப்பு எல்லை, பிறகு பத்து கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே வந்துவிட்டது. கட்டுப்படுத்த 1987-இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். அதற்குப் பின்னும் வறட்சி வருடங்களில் திருவள்ளூர் மாவட்ட விவசாயக் கிணறுகளிலிருந்தே குடிநீர் வாரியம் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கியது. நெல் போடுவதைவிடத் தண்ணீரை விற்பது லாபம் என்று ஆனபோது விவசாயியை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? கடைசியில் 2010-இல் காட்டுப்பள்ளியில் நாளைக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. அதன் பெயரும் மீஞ்சூர்தான்!

பறவைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், உப்பை அழுத்திவைக்கும் அதே மேல்தண்ணீரில்தான் நாரை நிற்கிறது. பாசன ஏரியிலும் வயலிலும் மழைத் தண்ணீர் கூடுதலாகப் பத்து நாள் நின்றால் அடியில் ஊறுகிறது, உப்பு இறங்குகிறது, நத்தையும் மீன்குஞ்சும் தவளையும் பெருகுகின்றன, பின்னாலேயே பறவை வருகிறது. பறவைக்காக என்று தனியாக எதையும் செய்யச் சொல்லாமல், உப்புக்காகச் செய்யச் சொன்னால் போதும். உப்பின் வலி விவசாயிக்கு ஏற்கெனவே தெரியும்.

வயல் அளவில் என்ன செய்யலாம்? ஐப்பசி மழையில் வரப்பை உயர்த்தித் தண்ணீரை நிறுத்தி, இரண்டு மூன்று நாள் கழித்து வடித்து, மறுபடியும் நிறுத்துவது. மேல்மண் உப்பு இப்படிக் கரைந்து இறங்கும். வடிக்கிற நாளில் வாய்மடையில் கொக்குகள் வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். அடுத்தது, கோடையில் நிலத்தை மொட்டையாகப் போடாமல் இருப்பது. வெயிலில் ஈரம் மேலேறி ஆவியாகும்போது உப்பை மேலே விட்டுவிட்டுப் போகிறது, வெள்ளையாகப் பூக்கிறதே அதுதான். சம்பா அறுப்புக்குப் பின் ஈரம் இருக்கும்போதே உளுந்தோ பயறோ விதைத்தால் மண்ணும் மூடியிருக்கும், கையில் காசும் வரும். அடுத்த நெல்லுக்கு முன்னால் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப் பயிரை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 45 நாள் வாக்கில் பூக்கும் சமயத்தில் மடக்கி உழலாம். உப்பைத் தாங்கி வளரும், தழைச்சத்தும் தரும். பசுந்தாள் விதையை மானியத்தில் கொடுக்கத் தமிழக அரசு 2024-இல் 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் ஏற்பாடு செய்தது. எல்லா வயலுக்கும் ஜிப்சம் என்பது மட்டும் வேண்டாம். அது சோடியம் ஏறி இறுகிப்போன களர் நிலத்துக்கான மருந்து, வெறும் உப்பு ஏறிய உவர் நிலத்தில் போட்டால் பணம்தான் கரையும். மண்ணையும் தண்ணீரையும் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டிவிட்டு முடிவு செய்யலாம்.

இறால் பண்ணை பற்றி ஒரு வார்த்தை. பக்கத்து நிலத்தில் உவர்நீர் தேக்கினால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது. விளைநிலத்தை இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. அதைக் கேட்க வேண்டியவர் தனி விவசாயி இல்லை, கிராம சபை.

இரண்டாவது விஷயம் பூச்சிமருந்து. விவசாயிக்கு உண்மையிலேயே யோசனை சொல்கிறவர் யார்? உரக்கடைக்காரர். காலையில் கடை திறந்திருக்கும், இலையைக் கொண்டுபோய்க் காட்டினால் உடனே டப்பாவை எடுத்து வைப்பார், அறுப்பு முடிந்து காசு கொடுத்தால் போதும். வேளாண் அலுவலர் ஒருவர் எத்தனையோ கிராமத்தைப் பார்க்க வேண்டும், கடைக்காரர் தினமும் அங்கேயே இருக்கிறார். கடை சொல்வது தப்பு என்று சொல்லப் போகிறவர், அந்தக் கடனுக்கு என்ன வழி என்றும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கடைக்காரரையே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவது இன்னும் உத்தமம்.

கடைக்குப் போவதற்கு முன் வயலில் ஒரு வேலை இருக்கிறது. எண்ணிப் பார்ப்பது. நட்டு நாற்பது நாள் ஆன வயலில் குனிந்து, ஒரு குத்தை, அதாவது ஓரிடத்தில் சேர்த்து நட்ட பயிர்க் கொத்தை, இரண்டு கையாலும் பிரித்து, லேசாகச் சாய்த்து அடித்தண்டில் தட்டினால் தண்ணீரில் சில பூச்சிகள் விழும். பழுப்பு நிறத்தில், அரிசியைவிடச் சின்னதாக, தொட்டால் தண்டைச் சுற்றிப் பக்கவாட்டில் ஓடி ஒளிவது புகையான், பயிரின் சாற்றை உறிஞ்சும் பூச்சி. தண்ணீர் மேலேயே கால் பரப்பி ஓடுவது சிலந்தி. வயலின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக நடந்து பத்துப் பதினைந்து குத்தைப் பார்த்தால் ஓர் உத்தேசம் கிடைத்துவிடும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு இது: சிலந்தி இல்லாவிட்டால் தூருக்கு (குத்தில் உள்ள ஒவ்வொரு தண்டுக்கும்) 1 புகையான் சேர்ந்ததும் மருந்தை யோசிக்கலாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு 2 புகையான் வரைக்கும் பொறுக்கலாம். அதாவது சிலந்தியின் கூலி அரசாங்கக் கணக்கிலேயே ஏறியிருக்கிறது. இதை வயலில் வைத்துக் காட்டினால் மறக்க மாட்டார்கள். காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தால் அது கடலை மடிக்கப் போய்விடும்.

ஏன் பொறுக்க வேண்டும்? சீக்கிரமே மருந்து அடித்தால் முதலில் சாவது சிலந்தி. தூரின் அடியில் ஒளிந்திருக்கும் புகையானும் தண்டுக்குள் இட்ட முட்டையும் தப்பித்துக்கொள்ளும். எதிரி இல்லாத வயலில் அது பெருகுவதைக் கேட்கவே வேண்டாம். இந்தோனேசியா இதைப் பெரிய அளவில் பட்டுத் தெரிந்துகொண்டது. மருந்துக்கு மானியம் கொடுக்கக் கொடுக்கப் புகையான் கூடிக்கொண்டே போக, 1986-இல் 57 மருந்துகளை நெல்லில் அடிக்கக் கூடாது என்று தடை போட்டார்கள். விளைச்சல் ஒன்றும் படுத்துவிடவில்லை.

நம் பக்கத்துப் பெருமை ஒன்றையும் இங்கே சொல்லலாம். திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான டி.கே.எம். 6 என்ற ரகம் தண்டைக் குடையும் குருத்துப்பூச்சியைத் தாங்கக்கூடியது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஊரெல்லாம் பேர்போன ஐ.ஆர். 20-க்கு அது ஒரு தாய் தகப்பன். மருந்தில்லாமல் பூச்சியைச் சமாளிக்கும் குணம் பிலிப்பைன்ஸ் வரை போனது திருவள்ளூர்ச் சீமையிலிருந்துதான்.

குருத்துப்பூச்சி முட்டையிடுவது நாற்றின் இலை நுனியில். கைநடவு செய்பவர்கள் நாற்றுக் கட்டின் நுனியைக் கிள்ளிவிட்டு நட்டால் முட்டையில் பெரும்பகுதி வயலுக்கே வராது. செலவு சுழியம். எட்டடிக்கு ஓர் அடி நடைபாதை இடைவெளி (பட்டம்) விட்டு நட்டால் அடியில் வெயிலும் காற்றும் போய்ப் புகையானுக்குத் தோதில்லாமல் போகும். எண்ணிப் பார்க்கவும் அந்த வழியாக நடக்கலாம்.

பறவையைக் கொல்கிற மருந்து எது என்று கேட்டால் இரண்டு பெயர் சொல்வேன். ஒன்று மோனோகுரோட்டோபாஸ், கடை வழக்கில் மோனோ. 1995-96-இல் அர்ஜென்டினாவில் வெட்டுக்கிளிக்கு அடித்த இந்த மருந்தில் ஆயிரக்கணக்கான பருந்துகள் செத்து விழுந்தன. மருந்து பட்ட வெட்டுக்கிளியைத் தின்றதுதான் காரணம். இந்தியாவில் அதன் வழக்கமான 36 சதவீதக் கரைசலுக்கு 2023-இல் மத்திய அரசு தடை அறிவித்தது. இன்னொன்று கார்போபியூரான் குருணை. நாற்றங்காலில் தூவுவார்கள், சிலர் நண்டு வளையிலும் போடுவார்கள். குருணையைத் தானியம் என்று நினைத்துக் கொத்தும் குருவி சாகும். செத்த நண்டைத் தின்ற கொக்கும் சாகும். அமெரிக்காவில் இதன் குருணை வடிவத்தை 1990-களிலேயே பறவைச் சாவுக்காக ஒதுக்கிவிட்டார்கள். குருணையில் இன்னொரு பழைய பேரான போரேட்டுக்கு இங்கே 2020 இறுதியோடு தடை. மிச்சச் சரக்கு யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் அதைத் தீர்த்துவிட வேண்டும் என்று வயலில் கொட்டாமல் இருப்பதே பெரிய உதவி.

மூன்றாவது, வரப்பு. இதில் இரண்டு யோசனைகள் மோதிக்கொள்கின்றன. இயற்கை ஆர்வலர் 'வரப்பை அகலமாகப் புல்லோடு விடுங்கள், தவளையும் சிலந்தியும் வாழும்' என்பார். வேளாண் அலுவலர் 'வரப்பை ஒல்லியாகச் செதுக்குங்கள், எலி வளை வைக்கும்' என்பார். இரண்டு பேரும் சரி. நெல் வட்டாரத்தில் பெரிய சேதம் செய்யும் வரப்பெலிக்கு அகல வரப்பு அரண்மனை மாதிரி. கதிர் முற்றும் சமயத்தில் ஒரு குடும்பம் குடியேறினால் வட்டமாக வெட்டிக் கதிரை வளைக்குள் இழுத்துவிடும். ஆகவே என் கட்சி இது: உள்வரப்பெல்லாம் ஒல்லியாக இருக்கட்டும், அதில் உளுந்தோ தட்டைப்பயறோ ஊன்றட்டும். பூவுக்கு வரும் குளவி, முட்டை ஒட்டுண்ணிக்கு வேலை கிடைக்கும், வீட்டுக்குப் பயறு கிடைக்கும். வாய்க்கால் கரையும் ஏரிக்கரையோரமும் மட்டும் புல்லோடு விடலாம். அது பொது இடம், யார் குத்தகையும் இல்லை.

எலிக்கு என்ன வழி? கூகை, சாரைப்பாம்பு, கீரி, இருளர். கடைசிப் பெயரைச் சேர்த்துச் சொல்வது அவர்களை மற்றவற்றோடு நிறுத்தி வைப்பதற்கு இல்லை, வயலை அவர்கள் அளவுக்குப் படித்தவர்கள் இந்த வட்டாரத்தில் யாருமில்லை என்பதற்காக. பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டிப் பக்கம் இருளர் குடும்பங்கள் நிறைய. எலி பிடிப்பதைப் பார்த்தால் தெரியும். வரப்பில் பத்து வளை இருந்தாலும் எதில் புது மண், எது காலி, எது தப்பிக்கும் வாசல் என்று முதலில் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாக மண் வைத்து அடைப்பார்கள். மிச்சமிருக்கும் ஒரே வாயில், அடியில் துளை போட்ட மண்பானையை வைத்து, உள்ளே வைக்கோலைத் திணித்துத் தீ மூட்டி, துளை வழியாக ஊதுவார்கள். புகை உள்ளே போகும். கொஞ்ச நேரம் கழித்து மண்வெட்டியால் வளையின் போக்கிலேயே வெட்டிப் போனால் எலியும் கிடைக்கும், அது சேர்த்துவைத்த நெல்லும் கிடைக்கும். நஞ்சு இல்லை, கூகைக்கும் ஆபத்து இல்லை. வரப்பை மறுபடி கட்டித் தரச் சொல்லி, வளைக்கு இவ்வளவு என்று நியாயமான கூலி பேசினால் இது ஒரு போகத்துக்குள் கண் முன்னே திரும்பி வரும் செலவு. இதே மாவட்டத்து அரிசி ஆலைகளிலிருந்தும் செங்கல் சூளைகளிலிருந்தும் இருளர் குடும்பங்களைக் கொத்தடிமை மீட்பில் வெளியே கொண்டுவந்த வரலாறு உண்டு. எனவே கூலியை முதலாளி கையில் கொடுக்காமல் நேரே அவர்களிடம் கொடுப்பது முக்கியம்.

பாம்பைப் பற்றியும் ஒரு சங்கதி. பாம்புத் தோல் ஏற்றுமதிக்கு 1976-இல் தடை வரும்வரை இருளரைக் கொண்டே சாரையையும் நல்ல பாம்பையும் கொன்று குவித்தார்கள். 1978-இல் வடநெம்மேலியில் இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்த பிறகு, பிடித்து விஷம் எடுத்துத் திரும்ப விடுவது தொழிலானது. வயலில் சாரையைக் கண்டதும் அடிக்கும் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. ஒரு சாரையை அடிப்பது என்பது அது தின்றிருக்கக்கூடிய எலிகளுக்குச் சோறு போடுவது.

கூகைக்கும் கரிச்சானுக்கும் வயலில் குச்சி நடலாம். ஆங்கில டி எழுத்து வடிவில், பயிருக்கு மேல் ஓரடி உயரமாக, ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு. பகலில் கரிச்சான் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும், இரவில் கூகை எலி பார்க்கும். மலேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் எலிக்காகவே கூகைக்குக் கூட்டுப்பெட்டி வைக்கிறார்கள். இங்கே கூகை வீட்டுப் பக்கம் அலறினால் கெட்ட சகுனம் என்று கல்லெறிவார்கள், ஆனால் வயல் நடுவே உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஒரு விஷயம் பலர் சொல்லாமல் விடுகிறார்கள். கதிர் பால் பிடிக்கும்போது குச்சிகளைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லையென்றால் அதே குச்சியில் கிளியும் சில்லையும் உட்கார்ந்து கதிரைக் கொறிக்கும். அப்படி ஒருமுறை பட்டவர் அடுத்த வருடம் குச்சி நட மாட்டார், யோசனை சொன்னவரையும் நம்ப மாட்டார்.

மரம், குளம் போன்ற பெரிய விஷயங்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அவை உழுகிறவர் கையில் இல்லை. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அரசு சொல்லியிருக்கிறது. மனை போடுகிறவர்கள் அதைப் படிக்க வேண்டும். ஓலையில் தூக்கணாங்குருவியும் பனை உழவாரனும் குடியிருக்கும் மரம் அது. காட்டூர், தத்தமஞ்சி ஏரிகளை இணைத்து நீர்த்தேக்கமாக்கியது மாதிரி வேலைகள் உப்புக்கும் பறவைக்கும் செய்வதை எந்தத் தனி விவசாயியாலும் செய்ய முடியாது. அதேபோல 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் கழிமுகத்தில் பரவிக் கூழைக்கடாக்கள் கறுத்துப்போய் நின்றதே, அதற்கும் நெல் விவசாயிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கொசஸ்தலையில் சாம்பலும் எண்ணெயும் கலக்கும்போது வாயை மூடிக்கொண்டு, நெல்லுக்கு மருந்தடிப்பவருக்கு மட்டும் பாடம் நடத்தினால் ஊரில் சிரிப்பார்கள்.

பறவை நஷ்டமும் பண்ணும் என்பதை ஒளிக்கக் கூடாது. ஏரிக்கரையை ஒட்டிய வயலில் நீலத் தாழைக்கோழி இளம்பயிரை ஒடிக்கும். மயில் நாற்றங்காலை மிதித்து விதையைப் பொறுக்கும். மயிலுக்கு 1972 வனவுயிர்ச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்பு உண்டு, கை வைக்க முடியாது. நாற்றங்காலுக்கு மட்டும் வலை போடுவது, மினுங்கும் ரிப்பனைக் கதிர் பால் பிடிக்கும் அந்தச் சில நாட்களுக்கு மட்டும் கட்டுவது ஓரளவு உதவும். போகம் முழுக்கக் கட்டிவைத்தால் பறவைக்குப் பழகிப்போய்விடும்.

இந்த நஷ்டத்தை யார் ஏற்பது என்று மற்ற ஊர்களில் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். பிரிட்டனில் 1987 முதலே, நிலத்தில் உயிரினங்களுக்கு இடம் விடும் விவசாயிக்கு அரசு பணம் கொடுக்கிறது. கோதுமை வயல் நடுவே வானம்பாடிக்காக நான்கு மீட்டர்ச் சதுரம் விதைக்காமல் விட்டால் அதற்கும் ஒரு தொகை. கலிபோர்னியாவில் 2014-இலிருந்து நெல் வயலில் குறிப்பிட்ட வாரங்களுக்குத் தண்ணீர் நிறுத்த விவசாயிகளிடம் ஏலம் கேட்கிறார்கள். எவ்வளவு கொடுத்தால் நிறுத்துவீர்கள் என்று அவர்களே விலை சொல்ல வேண்டும். வலசைப் பறவை வந்து போகும் வாரங்களுக்கு மட்டும் வயல் வாடகை.

இங்கே பணமில்லாமலேயே அது நடந்த ஊர் உண்டு. பொன்னேரியும் வேடந்தாங்கலும் அன்று ஒரே செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தவை. துப்பாக்கிக்காரர்கள் பறவையைச் சுடுகிறார்கள் என்று வேடந்தாங்கல்காரர்கள் முறையிட்டு, 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு வாங்கினார்கள். பக்தி மட்டும் காரணமில்லை. பறவை எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் பாய்ந்த வயலில் விளைச்சல் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த ஒரு போகக் கணக்குதான் இருநூறு வருடமாக ஏரியைக் காத்து நிற்கிறது.

பழவேற்காட்டு ஓரத்துக்கு இதே கணக்கைப் போடலாம். தை மாசி வாக்கில் சம்பா அறுத்த வயலில், நவரை போடாத இடங்களில், பாசன ஏரியின் கடைசித் தண்ணீரை மூன்று வாரம் கணுக்கால் அளவுக்கு நிறுத்தினால் உப்பு இறங்கும். வடக்கே திரும்பும் உள்ளான்களுக்கும் அதுதான் தீனி பிடிக்கும் காலம். இறைக்கும் செலவும், அந்த மூன்று வாரம் மாடு மேய்க்க முடியாத நஷ்டமும் யாராவது கொடுத்தால் செய்யத் தயார் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். சிக்கல் என்னவென்றால் இப்போதுள்ள மானியமெல்லாம் பட்டா, சிட்டா பார்த்துத்தான் போகிறது, குத்தகைக்காரர் பெயர் அதில் கிடையாது. 1969-இலேயே குத்தகை உரிமையைப் பதிவு செய்யச் சட்டம் வந்தது. ஆனால் பதிந்தால் நிலம் போய்விடுமோ என்று உரிமையாளர் பயப்படுவதால் வாய்ப்பேச்சே நடக்கிறது. பயிர்க் காப்பீட்டுக்கு, அந்தப் பருவத்தில் யார் சாகுபடி செய்தார் என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கலைக் கேட்கிறார்கள். தண்ணீர் நிறுத்தும் பணத்துக்கும் பட்டாவைக் கேட்காமல் அந்த ஒரு தாளை ஏற்றுக்கொள்ளலாம்.